பத்தாவது வாரத்தில் இரண்டாவது கியர்

1

இந்தக் கதை என் சரக்கு அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் தங்கைக்கு நடந்தது. அவள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கர்ப்பத்தின் பத்தாவது வாரத்தில் அவளுக்கு ரத்தம் கசிந்தது. எல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் வந்து உட்கார்ந்தாள்.

“நீதான் எதையெதையோ எழுதுறியேக்கா, இதை எழுது. அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல. தெரிஞ்சிருந்தா பாதி பயம் குறைஞ்சிருக்கும்.”

எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் அவளிடம் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. காட்டினேன். முதல் ஆரம்பம் இப்படி இருந்தது:

அந்தி வானம் தன் செந்நிறத்தை மெல்ல

அவ்வளவுதான். அடித்துவிட்டாள். ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தாள்: “காலை பத்தரை மணி. நல்ல வெயில். ரத்தத்தை ரத்தம்னே எழுது.”

இரண்டாவது ஆரம்பம்: மலரினும் மெல்லிய அவள்

இதற்கு ஒரே சொல்: “யாரு?”

2

சரி, நடந்ததையே சொல்கிறேன். காலை பத்தரை மணி. ஓட்டுநர் இருக்கையில் ஒரு தையல்காரர். வயது ஐம்பத்தெட்டு. அது அவருடைய ஆறாவது வகுப்பு. அதுவரை இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் என் தங்கை. அவள் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக்.

உள்ளாடையில் ஈரம் பட்டதுபோல் இருந்தது. பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கழிப்பறைக்குப் போனாள். பார்த்தாள். ரத்தம். உள்ளங்கை அகலத்துக்குக் கறை. சிவப்பும் பழுப்பும் கலந்திருந்தது.

[இங்கே அவள் மனநிலையை இரண்டு பக்கத்துக்கு விவரித்திருந்தேன். “அவ்வளவு நேரம் நான் அங்க நிக்கல” என்றாள். எடுத்துவிட்டேன்.]

கணவருக்குப் போன் செய்தாள். அவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. உள்ளே போய்விட்டால் சிக்னல் கிடைக்காது. என்னை அழைத்தாள், நானோ ஒரு நல்ல உவமையைத் தேடிக்கொண்டு போனை அணைத்து வைத்திருந்தேன். (இந்த வரியை அடிக்க அவள் சம்மதிக்கவில்லை.)

இந்த நிலையில் தானே வண்டியை ஓட்டக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். திரும்பி வந்து தன் இருக்கையிலேயே உட்கார்ந்தாள்.

“சார், ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“டீச்சர், அது மெயின் ரோடாச்சே.”

“தெரியும். நான் பத்து வாரம். ரத்தம் போகுது.”

3

தையல்காரர் விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் முதல் பிரதியில் அவர் வழி நெடுக அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். மிக அழகான வசனங்கள்.

“அவரு அப்படி ஒண்ணும் பேசல” என்றாள் தங்கை.

“பின்ன என்ன சொன்னார்?”

“இண்டிகேட்டர் எந்தப் பக்கம்னு கேட்டாரு.”

ஆகவே உண்மை இது: அவர் கேட்டது அது ஒன்றுதான். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது. ரவுண்டானாவில் இரண்டு முறை வண்டி அணைந்தது. பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. “மூணாவது போடுங்க சார்” என்றாள். போட்டார். தன் வாழ்நாளின் முதல் மூன்றாவது கியர். அதைக் கொண்டாட அவருக்கு நேரமில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வண்டிக்கான இடத்தில் குறுக்காக நிறுத்தினார். அவள் இறங்கத் தயங்கினாள். சுடிதாரில் கறை ஊறியிருந்தது. அவர் தன் பையிலிருந்து கருநீலத் துணி ஒன்றை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

“இடுப்புல சுத்திக்கோங்க.”

“யாரோட துணி சார்?”

“ஒரு கஸ்டமரோட பேன்ட் துணி. பரவாயில்ல, அவரு எப்பவும் அரை மீட்டர் கூடத்தான் கொடுப்பாரு.”

[இதை நான் கற்பனை செய்திருந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அடித்திருப்பேன்.]

4

டாக்டரம்மா மளமளவென்று கேட்டார். எவ்வளவு போனது, எந்த நிறம், கட்டி கட்டியாக வந்ததா, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலிக்கிறதா, தோள்பட்டையில் வலி உண்டா, தலை சுற்றுகிறதா.

“வயித்துக்குத் தோள்பட்டை எதுக்கு டாக்டர்?”

“கரு சில சமயம் கருக்குழாய்லயே தங்கிடும். அது வெடிச்சா உள்ள ரத்தம் சேரும். அப்ப வலி தோள்ல தெரியும். அது ஆபத்து. அதனாலதான் ரத்தம்னு யார் வந்தாலும் ஸ்கேன் பண்ணிப் பாக்குறோம்.”

ரத்த வகையையும் பார்த்தார்கள். நெகட்டிவாக இருந்தால் சிலருக்கு ஊசி தேவைப்படுமாம். அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஸ்கேன் அறையில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, காலையிலிருந்து மனதில் இருந்த கேள்வியைக் கேட்டாள். “நாள் பூரா கிளட்ச் மிதிக்கிறேன். அதனாலயா?”

“கிளட்ச் மிதிச்சா கலைஞ்சிடும்னா உலகத்துல பாதிப் பேர் பிறந்திருக்கவே மாட்டாங்க. நீங்க எதுவும் தப்பா பண்ணல. இந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க.”

திரும்பினாள். ஒரு மொச்சைக்கொட்டை அளவு சாம்பல் நிழல். அதன் நடுவே ஏதோ படபடத்தது.

“கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கு. துடிப்பு நல்லா இருக்கு. கருவைச் சுத்தியிருக்கிற பை பக்கத்துல கொஞ்சம் ரத்தம் தேங்கியிருக்கு, அதுதான் கசியுது. முதல் மூணு மாசத்துல நாலஞ்சு பேர்ல ஒருத்தருக்கு ரத்தம் படும். துடிப்பு தெரிஞ்சா பெரும்பாலும் நல்லபடியாத்தான் போகும். எல்லாருக்கும்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்.”

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலோ, வலி கூடினாலோ, மயக்கம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே வரவேண்டும். கடைசி மாதங்களில் என்றால் சொட்டுப் பட்டாலே வரவேண்டும். இதையெல்லாம் அவள் எழுதிக்கொள்ளும்போது அவள் அனுப்பிய மெசேஜைத் தாமதமாகப் பார்த்த கணவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார், கொளுத்தும் வெயிலில் கிடங்கின் தடித்த கோட்டோடு. அதுவரை அழாதவள் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, அழுகையில் முடித்தாள்.

5

ஒன்பது நாள் பழுப்பாகக் கறை பட்டது, நின்றது. இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் தேங்கிய ரத்தம் சுருங்கியிருந்தது. இனி முடிவு.

முடிவு (அ): குவா குவா என்ற குரல் கேட்டு எல்லோரும் (அடித்துவிட்டாள். “இன்னும் பொறக்கவே இல்லையேக்கா.”)

முடிவு (ஆ): இதை நானே எழுதி, நானே கிழித்தேன். சிலருக்குக் கரு கலைந்தும் போகிறது. அவர்களும் எந்தத் தப்பும் செய்தவர்கள் அல்லர் என்பதை மட்டும் இங்கே விட்டுவைக்கிறேன்.

முடிவு (இ): எல்லாம் சுபமே.

“டாக்டரே உறுதி கொடுக்கல. நீ யாரு கொடுக்க?” என்றாள். அதோடு பேனாவை மூடிவிட்டேன்.

இன்று காலை போன் வந்தது. பதினெட்டாவது வாரம். சிக்னலில், சிவப்பு விளக்கில் நிற்கிறாளாம்.

“அக்கா, இப்ப உள்ள ஏதோ பட்டுனு ஒரு துள்ளு. வாயுவா, பிள்ளையான்னு தெரியல.”

“என்ன சாப்பிட்ட?”

“அவிச்ச கொண்டைக்கடலை.”

எனக்கு எழுதத் தெரிந்தது இவ்வளவுதான். பச்சை விழுவதற்குள் நீங்களே சொல்லுங்கள்: வாயுவா, பிள்ளையா?