ஃபிலூவைக் கடத்திய சனிக்கிழமை

காரைக்கால் எல்லையில், வாஞ்சூர் செக்போஸ்ட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஃபிலூ நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. மேலே போர்த்தியிருந்த லுங்கியை உதறிவிட்டு ஸ்கூட்டரிலிருந்து குதித்த அந்த நாய், இனி ஓர் அடியும் நகர்வதில்லை என்ற முகத்தோடு இளவேனிலையே பார்த்தது. இளவேனில் வேறெங்கோ பார்த்தான்.

“யாரு நாய் இது?” என்றார் பெண் போலீஸ்.

“தெரியாது மேடம். சும்மா பின்னாடியே வருது,” என்றான் வண்டி ஓட்டி வந்த மருதையன்.

“ஸ்கூட்டர்ல ஒக்காந்துகிட்டா பின்னாடியே வருது?”

ஃபிலூ மொரீஸ் ஐயாவின் நாய். பிரான்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் அவர், மகள் ஷர்லோத்தோடு இருக்க அங்கே லியோன் நகரத்துக்கே ஒரேயடியாகப் போகிறார். திங்கட்கிழமை விமானம். நாய்க்கும் டிக்கெட் உண்டு. அதைத் தினமும் கடற்கரைக்கு நடத்திப் போய் வந்தவன் இளவேனில். டிக்கெட் போட்ட சேதி கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

திட்டம் மருதையனுடையது. விமானம் கிளம்பும்வரை நாகூரில் அவன் அத்தை வீட்டில் நாயை ஒளித்துவைப்பது. “புதுச்சேரி போலீஸ் தமிழ்நாட்டுக்குள்ள வரமுடியாதுடா. எல்லையத் தாண்டிட்டா கேஸே கெடையாது.” அந்தப் பக்கமும் போலீஸ் உண்டு, சனிக்கிழமை சாயங்காலம் காரைக்கால் வண்டி ஒன்று விடாமல் நிறுத்தி, அங்கே மலிவாகக் கிடைக்கும் சரக்கு பாட்டில் தேடுவார்கள் என்பது, பிறந்ததிலிருந்து இந்த செக்போஸ்ட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தோன்றவேயில்லை. முன்னால் வேவு பார்க்கப் போன இன்னொரு கூட்டாளி ஹரிஹரனோ சைக்கிளில் போனான். அவனை யாரும் சீண்டவில்லை. ரோடு கிளியர் என்று போன் செய்துவிட்டான்.

“சீட்டத் தூக்கு.”

மருதையன் தூக்கினான். உள்ளே ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு பழைய டவல்.

“பாட்டில் எங்க?”

“பாட்டிலெல்லாம் இல்ல மேடம்.”

அதுவரை சலிப்பாக இருந்த போலீஸ்காரம்மாவின் முகம் மாறியது. “சனிக்கெழம அதுவுமா காரைக்கால்லேர்ந்து ரெண்டு பயலுவ பாட்டில் இல்லாம வர்றிய. அப்ப வேற என்னமோ பெருசா பண்ணிருக்கிய.”

மருதையன் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு சீட்டை மூடினான்.

“சரி, ஒங்க நாய் இல்லல்ல? ஓரமா வெரட்டி விட்டுட்டு வாங்க. லாரி நிக்கிது பாரு.”

மருதையன் விரட்டினான், பின்னாலிருந்து தள்ளினான், பிஸ்கட்டைக் காட்டினான். ஃபிலூ பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டது. பொறுமையிழந்த லாரி ஒன்று கர்ரென்று முன்னால் நகர்ந்தது. இளவேனிலின் வாய் அவனைக் கேட்காமல் திறந்தது.

“அலோன், ஃபிலூ.”

நாய் உடனே எழுந்து வாலாட்டிக்கொண்டு வந்து அவன் காலோடு ஒட்டி நின்றது.

“என்ன சொன்ன?”

“பிரெஞ்சு மேடம். போவலாம் வான்னு.”

“தெரியாத நாய்க்குப் பிரெஞ்சு தெரியும்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?”

“பாத்தாலே தெரியுதே மேடம், நாட்டுநாய் மாதிரியா இருக்கு?” என்றான் மருதையன். இளவேனில் அவன் காலை மிதித்தான். காலம் கடந்துவிட்டது. போலீஸ்காரம்மா குனிந்து நாயின் கழுத்துப்பட்டையைத் திருப்பினார். வண்டி நம்பர் தெரியக்கூடாது என்று பிளேட்டில் சேறு பூசத் தெரிந்த மருதையனுக்கு, பட்டையில் தொங்கிய தகட்டைக் கழற்றத் தோன்றவில்லை. அதில் மொரீஸ் ஐயாவின் போன் நம்பர் இருந்தது.

போலீஸ்காரம்மா தன் போனில் அந்த நம்பரைப் போட்டு விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

“ஐயா, கம்ப்ளெய்ண்ட் எழுதிக்கவா?”

“வேணாம்மா. அந்த இளவேனில்ட்ட குடுங்க.”

இளவேனில் போனை வாங்கினான். “ஐயா,” என்றான்.

“எங்கடா கூட்டிட்டுப் போற?”

“நாகூர்.”

“சாப்புட்டுச்சா அது?”

“பிஸ்கட்டுதான்.”

பக்கத்தில் மருதையன், மன்னிப்புக் கேளுடா என்று உதட்டை அசைத்தான். ஃபிலூ தலையைச் சாய்த்து, காதுகளைத் தூக்கி, போனில் கேட்கும் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடியது. ஸ்கூட்டருக்கு அடியில் பார்த்தது. சீட்டை முகர்ந்தது. பிறகு வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது.

“சரி, வச்சுக்க,” என்றார் மொரீஸ் ஐயா. “நான் கோவமா சொல்லல. ஆனா நான் போனதுக்கப்பறம் அது என்னயத் தேடுனா, அதுக்கு என்னடா சொல்லுவ?”