ஒன்பதாம் நம்பருக்குப் பாட்டு இல்லை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை. பக்கத்து பெஞ்சிலிருந்து காதில் விழுந்தது.

ஜாவாத் தீவில் எங்கள் தம்பாக்ரெஜோ கால்பந்து மைதானத்தின் தெற்கு வாசலுக்கு எதிரே, தெம்பே என்கிற சோயா வறுவல் விற்கும் ஒரு கடை. ஒரு கடி வறுவல், ஒரு கடி பச்சைமிளகாய், ஒரு மடக்கு இனிப்புத் தேநீர் என்று போய்க்கொண்டிருந்தேன். வார இதழுக்கு அனுப்பவேண்டிய தொடரில் வைர வியாபாரியை மொட்டைமாடியிலிருந்து யாரோ தள்ளிவிட்டிருந்தார்கள். யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். [எனக்கே தெரியாது. அதற்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.]

அப்போது பக்கத்தில் ஒரு பெண்குரல்:

"அவனுக்குப் பாட்டு கிடையாது. அவ்வளவுதான்."

வைர வியாபாரி அந்தரத்திலேயே தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

2

முதல் வரிக்கு என்ன பாடுபட்டேன் என்பதை நீங்கள் பார்க்கத்தான் வேண்டும்.

"தெற்கு கேலரியின் இரும்பு வேலிமேல் அவள் நின்றாள். எதிரே நாலாயிரம் பேர். அவள் கையில் இருந்த துப்பா—"

பழக்கதோஷம். மெகாஃபோன்தான் இருந்தது.

"எவெலியோ விமானத்திலிருந்து இறங்கியபோது, இந்த ஊரில் தன்னை ஒருத்தி வெறுக்கிறாள் என்பதை அவன் அறிந்திருக்க—"

இதுவும் தேறாது. பக்கத்து பெஞ்சுக் குரலுக்குச் சொந்தக்காரி பலுப்பி யாரையும் வெறுக்கவில்லை. சந்தேகப்பட்டாள். வெறுப்பைப் பற்றி எழுதுவது சுலபம், இரண்டு பக்கம் தானாக ஓடும். சந்தேகம் மாட்டுவண்டி, இறங்கித் தள்ளவேண்டும்.

"பலுப்பி, வாரநாட்களில் பாலர் பள்ளி டீச்சர். சனிக்கிழமைகளில் தெற்கு கேலரிக்கு டீச்சர்."

இது நிற்கிறது. இதிலிருந்தே புறப்படுவோம்.

3

ஊரைச் சுற்றி மீன்குளங்கள். அதனால் எங்கள் கிளப்புக்குப் பட்டப்பெயர் பால்கெண்டைப் படை. போட்டி நாளில் தெற்கு கேலரியின் கீழ்வேலியில் ஒருவர் ஏறி நின்று மொத்தக் கூட்டத்தையும் பாடவைப்பார். எந்த நேரத்தில் கை தட்டவேண்டும், எந்த நேரத்தில் குதிக்கவேண்டும், எப்போது மூச்சு விடவேண்டும், எல்லாம் அவர் கையசைப்பில். அவரை வேலிக்காரர் என்போம். இப்போது வேலிக்காரி, பலுப்பி.

வேலிக்காரிக்கு ஒரே ஒரு சட்டம். முகம் கூட்டத்தின் பக்கம், முதுகு ஆட்டத்தின் பக்கம். விசில் ஊதியதிலிருந்து முடியும் வரை திரும்பக்கூடாது. திரும்பினால் அந்தக் கணமே இறங்கிவிட வேண்டும், அந்த வருடம் மறுபடி ஏறமுடியாது. பலுப்பிக்கு முன்னால் இருந்தவர் ஒரு பெனால்டிக்கு ஆசைப்பட்டுத் திரும்பினார். பெனால்டி வெளியே போனது. அவரும் போனார்.

ஆக, பல வருடமாக ஒரு ஆட்டம் விடாமல் மைதானத்துக்கு வந்தும் ஒரு கோலைக்கூட நேரில் பார்க்காத ரசிகை அவள். ஆனால் ஒரு கோலும் அவளுக்குத் தப்பியதில்லை. எங்கள் முகங்களில் பார்த்துவிடுவாள்.

"கோல்னா முதல்ல புருவம் ஏறும் சாக்* , அப்புறம்தான் வாய் தொறக்கும். வாய் முதல்ல தொறந்தா கம்பத்துல பட்டுருச்சுன்னு அர்த்தம். எல்லாரும் வலது பக்கம் பாத்துக் கத்தினா ஆஃப்சைடு, லைன்ஸ்மேனோட அம்மாவ விசாரிக்கிறாங்க."

* வயதில் மூத்த ஆணை இங்கே 'சாக்' என்பார்கள்; நம்முடைய அண்ணன்தான். அக்கா என்றால் 'ம்பாக்'. அவர்கள் பேசுவது ஜாவா மொழி. இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டியதில் அது என் காதில் தமிழாகவே விழுகிறது.

4

புதிய ஸ்ட்ரைக்கர் வந்தால் அவனுக்கு ஒரு பாட்டு கட்டுவதும் வேலிக்காரியின் வேலை. ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னதும் கேலரி அந்தப் பாட்டைப் பாடவேண்டும். பாட்டு விழுந்துவிட்டால் அவன் எங்கள் ஆள். விழாவிட்டால் அந்த இடத்தில் மௌனம்.

எவெலியோவுக்கு மூன்று ஆட்டமாக மௌனம்.

பராகுவேக்காரன். ஒன்பதாம் நம்பர் சட்டை. வயது முப்பத்துநாலு. முன்வழுக்கை. ஓடும்போது எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவன் மாதிரி ஓடுவான். கோல், பூஜ்யம்.

கடையில் பலுப்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவன் குன்தோரோ. கேலரியின் பெரிய டிரம் அவனுடையது, ஏறக்குறைய அவன் அளவே இருக்கும். சண்டையை அப்படியே தருகிறேன். என் கைவண்ணம் எதுவும் இல்லை.

"ம்பாக், ஒரு நாலு வரி. சும்மா அவன் பேர மூணு தடவ சொல்லி லலலான்னு முடிச்சிரு. உனக்கென்ன குறைஞ்சு போச்சு?"

"நீ போடேன்."

"எனக்கு டும்டும்தான் வரும்."

"போன சனிக்கிழம அவன் ஆடினான்ல? தொண்ணூறு நிமிஷம். உங்க ஒருத்தர் மூஞ்சியாவது அவனுக்காக அசைஞ்சுச்சா? தேடித் தேடிப் பாத்தேன்டா. நாலாயிரம் பேரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க."

"பாகாஸ் கோல் போட்டானே!"

"பாகாஸுக்கு அசைஞ்சுது. இவனுக்கு?"

"பாகாஸ் போனதே இவன் தொறந்துவிட்ட வழியிலதான். ரெண்டு டிஃபெண்டரையும் இவன்தான் ஓரமா இழுத்துட்டுப் போனான்."

"நீ பாத்தியா?"

குன்தோரோ மிளகாயைக் கடித்து நேரம் கடத்தினான்.

"…சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க? அவன் பொண்டாட்டியா?"

"நீ ஒரு தடவ திரும்பித்தான் பாரேன். பந்த விட்டுட்டு அவன மட்டும்."

"திரும்பிட்டு? நீ வேலில ஏறுவியா? வேலி தாங்குமாடா?"

கடைக்காரர் எண்ணெய்ச்சட்டிக்குப் பின்னால் சிரித்தார்.

5

[இந்த இடத்தில் நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். நானும் என் பாத்திரத்தைச் சந்தேகப்பட்டேன். இந்தக் காலத்தில் டிவி இருக்கிறது, கைபேசியில் மொத்த ஆட்டமும் கிடைக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தீர்ந்தது. இவள் நிஜமான பெண்தானா, அல்லது கதைக்காக நான் கண்ணைக் கட்டிவிட்டவளா? பெஞ்சைத் தாண்டிப் போய்க் கேட்டேவிட்டேன்.]

"பாத்தேனே சாக். மூணு ஆட்டமும் பாத்தேன். கேமராக்காரன் பந்து பின்னாடியே ஓடுறான். இவன் வர்றான், ஃபிரேம விட்டுப் போறான். வர்றான், போறான். வாடகை கேக்க வந்த ஆள் மாதிரி."

"அப்ப பாட்டுக் கட்டிட வேண்டியதுதானே? சந்தேகத்தோட பலன அவனுக்குக் குடுத்து."

"நீங்க கதை எழுதுறீங்கல்ல?"

"ஆமா."

"கொலைகாரன் யாருன்னு தெரியாம எழுதுவீங்களா?"

நான் தேநீரைக் கலக்கினேன். சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருந்தது.

"என் பாட்ட நாலாயிரம் பேர் நம்பிப் பாடுறாங்க. எனக்கே தெரியாத ஒண்ண அவங்க வாயில எப்படி வைக்கிறது?"

நிஜமான பெண்தான்.

6

தொடர்கதைக்காரனுக்கு அதிர்ஷ்டம் இப்படித்தான் வரும்: கதாநாயகனே கடைக்குள் நுழைந்தான்.

எவெலியோ மலேசியாவில் இரண்டு வருடம் ஆடியவன். அங்கே பொறுக்கிய மலாய் மொழியை வைத்து இங்கே குடித்தனம் நடத்துகிறான். பலுப்பியைப் பார்த்ததும் கை குவித்தான்.

"அக்கா! நன்றி! ரொம்ப நன்றி!"

"எதுக்கு?"

"என் பேர் சொல்றாங்க, எல்லாரும் அமைதி. பெரிய மரியாதை. எங்க ஊர்ல, மலேசியால, எங்கயும் எனக்கு இவ்வளவு மரியாதை இல்ல. எனக்கு அழுகை."

குன்தோரோவின் வறுவல் தட்டில் விழுந்தது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மூன்று ஆட்டத்திலும் அந்த மௌனத்தின்போது அவன் நெஞ்சில் கை வைத்து, தெற்கு கேலரி பக்கம் தலைவணங்கினான். திமிர் என்று பேசிக்கொண்டோம்.

பலுப்பி அவனையே பார்த்தாள். முகம் படிக்கிறவள், அதில் பொய் தேடினாள். கிடைக்கவில்லை.

"உக்காரு," என்றாள். "மிளகா பாத்துக் கடி."

அவன் பாராமல் கடித்தான். அடுத்த ஐந்து நிமிடம் பேச்சுவார்த்தை நடக்கவில்லை.

அவன் போனபிறகு குன்தோரோ குரலைத் தாழ்த்தினான். "இந்தச் சனிக்கிழமையோட கணக்கு முடியுது ம்பாக். தெற்கு கேலரி ஏத்துக்காத ஆளுக்கு எதுக்கு இடம்னு மேனேஜர் கேக்குறாராம். இன்னிக்கும் பாட்டு இல்லன்னா அவனுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுருவாங்க. அவன் அதையும் மரியாதைன்னுதான் நெனைப்பான்."

பலுப்பி எழுந்து ஜெர்சியை உதறிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அன்றுதான் அந்தச் சனிக்கிழமை.

7

முதல் பாதி. ஒலிபெருக்கி "எவெலியோ" என்றது. மௌனம். அவன் நெஞ்சில் கை வைத்தான், வணங்கினான். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இடைவேளையில் பூஜ்யம்-பூஜ்யம்.

இந்த இடைவேளையில் உங்களுக்கு முடிவுகளைக் காட்டிவிடுகிறேன். மூன்று வைத்திருந்தேன்.

அ) பலுப்பி திரும்புகிறாள். அதே நொடியில் எவெலியோ கோல் போடுகிறான். அவள் கண்ணீரோடு வேலியிலிருந்து இறங்குகிறாள். [ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.]

ஆ) பலுப்பி திரும்பவில்லை. எவெலியோ விமானம் ஏறுகிறான். ஜன்னலோரம் உட்கார்ந்து, மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்துக்கொள்—

முடியாது. அவன் மிளகாய் தின்றதை நேரில் பார்த்தபிறகு இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

இ) வைர வியாபாரி மைதானத்தின் நடுவில் விழுகிறார். [பக்கம் நிறையவில்லை என்றால் மட்டும்.]

நடந்தது இதில் எதுவுமில்லை.

8

இரண்டாம் பாதிக்கு விசில் ஊதியதும் பலுப்பி மெகாஃபோனைத் தூக்கினாள். பாட்டு வரும் என்று நினைத்து குன்தோரோ டிரம் குச்சியை ஓங்கினான்.

"பசங்களா! டிரம் வேணாம். எல்லாரும் இங்க பாருங்க."

நாலாயிரம் பேரும் பார்த்தோம். டீச்சர் குரல்.

"இப்ப ஒரு விளையாட்டு. நான் நிறுத்துற வரைக்கும் யாரும் பந்தப் பாக்கக்கூடாது. ஒம்பதாம் நம்பர மட்டும் பாக்கணும். அவன் எங்க போனாலும் அவன மட்டும்."

"பந்தப் பாக்காம எதுக்கு ம்பாக் காசு குடுத்து வந்தோம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன்.

"நான் பாக்காமதான் இத்தன வருஷமா வர்றேன். சொன்னதச் செய்றியா, இல்ல நீயே வேலில ஏறுறியா?"

அடங்கிவிட்டான்.

நீங்களும் முயன்று பாருங்கள், உயிர் போகும் வேலை. பந்து கண்ணைக் கொக்கி போட்டு இழுக்கிறது. என் பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர் ஒரு கையால் பார்வையை மறைத்துக்கொண்டார். "மூணாவது வரிசை, சிவப்புத் தொப்பி! திருட்டுத்தனமா பாக்குற!" வேலிமேலிருந்து குரல். சிவப்புத் தொப்பி குனிந்துகொண்டது.

கொஞ்சம் கொஞ்சமாக, அவன் தெரிய ஆரம்பித்தான்.

எவெலியோ இடது பக்கம் நடந்தான். அவனை மறித்து ஆடும் நெட்டைக்காரனும் நடந்தான். எவெலியோ நின்றான், நெட்டையும் நின்றான். எவெலியோ குனிந்து ஷூ நாடாவைத் தொட்டான். நெட்டையன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்ட அந்த நொடியில் எவெலியோ அங்கே இல்லை. பத்தடி தள்ளிப் போய்க் கை உயர்த்தினான். பந்து வரவில்லை. கோபமில்லை. திரும்ப நடந்தான், திரும்ப ஆரம்பித்தான். நெட்டையனின் தோழன் உதவிக்கு வந்தான். இப்போது ஒருவனுக்கு இருவர். இருவரையும் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகிற மாமன் மாதிரி மூலைக்கொடி வரை கூட்டிப்போனான். அவர்கள் விட்டுவந்த இடத்தில் ஒரு லாரி நிறுத்தலாம்.

என் பக்கத்துத் தாடிக்காரர் சிரித்தார். முன்வரிசையில் ஒருவன் தொடையில் தட்டினான். சிரிப்பு வரிசை வரிசையாக மேலேறியது. மைதானத்தின் மற்ற மூன்று பக்கமும் இடதும் வலதும் தலையாட்டிக்கொண்டிருக்க, எங்கள் பக்கம் மட்டும் நாலாயிரம் பேர் யாருக்கும் தெரியாத ஒரு நகைச்சுவையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பலுப்பி எங்கள் முகங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். வலமிருந்து இடம். மேலிருந்து கீழ். இந்த முகம் அவளுக்குப் புதிது. புருவம் ஏறவில்லை, வாய் திறக்கவில்லை.

அப்போது மைதானம் வெடித்தது.

9

கிழக்கு கேலரியிலிருந்து ஒரு பேரிரைச்சல். கிழக்கில் எங்கள் ஆட்களும் உண்டு, வெளியூர்க்காரர்களும் உண்டு. கோலா? யாருடைய கோல்? கம்பத்தில் பட்டதா? யாராவது விழுந்தார்களா?

எனக்குத் தெரியாது. நான் பந்தைப் பார்க்கவில்லை. விளையாட்டின் விதியை மீறி ஒரு கண்ணை ஓட்டியிருக்கலாம்தான். ஆனால் டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் தெரியாது. முதல்முறையாக எங்கள் முகங்களில் அவளுக்கு விடை இல்லை; நாங்கள் எல்லோரும் இன்னும் மூலைக்கொடி ஓரம் நிற்கும் ஒரு வழுக்கைத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குன்தோரோ டிரம் குச்சியை ஓங்கியபடி உறைந்திருந்தான். "ம்பாக், என்ன ஆச்சு? திரும்பிப் பாக்கலாமா?" என்று யாரோ கெஞ்சினார்கள்.

"இருங்கடா," என்றாள் பலுப்பி. "நான் இன்னும் படிச்சு முடிக்கல."

[ஸ்கோர் மறுநாள் செய்தித்தாளில் வந்தது. தேவைப்பட்டால் அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். அது அந்த ஆட்டத்தின் முடிவு. இந்தக் கதையுடையது இல்லை.]

அவள் பார்வை வரிசை வரிசையாக வருகிறது. தாடிக்காரரைத் தாண்டிவிட்டது. என்னையும் தாண்டிவிட்டது. மெகாஃபோன் உதட்டருகே இருக்கிறது. பாட்டா, மௌனமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு முகம் பாக்கி.

சென்ற பகுதி முழுக்க நீங்களும் பந்தை விட்டுவிட்டு அவனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

நான் பேனாவை மூடி வைக்கிறேன். வேலிமேல் நிற்கிறவள் இப்போது உங்களைத்தான் பார்க்கிறாள். முகத்தை மாற்றாதீர்கள்.