ருகம்பாவின் மூக்கு

ஹுயே மலையடிவாரத்துக் காபி ஆலையில் ருசி பார்க்கும் அறைக்குத் தலைவர் ருகம்பா. ஒரு காபிக்கு அவர் நூற்றுக்கு எண்பத்தேழு என்றால், கூட வேலை பார்க்கும் உமுலிசாவும் கதேராவும் எண்பத்தேழுதான் எழுதுவார்கள். "எங்க ஆளுங்களுக்கு என் நாக்கையே குடுத்திருக்கேன்" என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்ளும் மனிதர்.

காய்ச்சல் வந்து போனதிலிருந்து எட்டு நாளாக அவருக்கு வாசனையே தெரியவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்கு போனது தெரிந்தால் நாற்காலியும் போய்விடும் என்ற பயம்.

அன்று வெளிநாட்டுக்குப் போகவேண்டிய சரக்கு, முந்நூறு குடும்பங்களின் அறுவடை. முதல் தரம் என்று அவர் கையெழுத்துப் போட்டு அது தப்பானால், வாங்குபவர் இனி இந்த மலைப் பக்கமே திரும்பமாட்டார். வரிசையாக வைத்திருந்த கோப்பைகளிலிருந்து கரண்டியில் அள்ளி உறிஞ்சினார். வெறும் வெந்நீர் மாதிரி இருந்தது. பழைய ஞாபகத்தில், "ஆரஞ்சு வாசனை, அருமை. எண்பத்தேழு" என்றார்.

இருவரும் ஆரஞ்சு, எண்பத்தேழு என்று எழுதினார்கள்.

ருகம்பா அவர்கள் தாள்களை எட்டிப் பார்த்தார். அவர் சொன்னதோ வாய்க்கு வந்ததை. இவர்களுக்கு எங்கிருந்து வந்தது ஆரஞ்சு?

"உமுலிசா, உண்மையச் சொல்லு. உனக்கு ஆரஞ்சு தெரிஞ்சுதா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மூணாவது கோப்பையில பச்சை உருளைக்கிழங்கு நாத்தம் அடிக்குது, ஐயா. பூச்சி கடிச்ச கொட்டை கலந்திருக்கு."

"அப்ப ஏம்மா எழுதல?"

"போன வருஷம் ஒரு தரம் சொன்னேனே. 'மூக்கக் கழுவிட்டு வா'ன்னீங்க. ஆலையே சிரிச்சுது. ஒரு மாசம் எனக்குக் 'கழுவாத மூக்கு'ன்னுதான் பேரு."

அப்படி ஒன்று நடந்ததே அவருக்கு ஞாபகமில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

"எனக்கு எட்டு நாளா வாசனையே தெரியலப்பா" என்றார், தரையைப் பார்த்தபடி.

"அது தெரியும், ஐயா" என்றான் கதேரா. "திங்கக்கிழம கொட்டை கருகி ஊரே நாறிச்சு. நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு 'ஆஹா, நல்ல பதம்'னீங்க."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"உங்ககிட்ட யாரு சொல்றது?"

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பார்த்தால் தன்மேல்தான். மதிப்பெண் தாளைக் கிழித்துப் போட்டு, "இந்தச் சரக்கு இன்னிக்குப் போகாது. மேலிடத்துல நானே பேசிக்கிறேன், என் மூக்கையும் சேத்து" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உமுலிசாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீ வந்த இந்த நாலு வருஷத்துல, உனக்கு ஒண்ணு தெரிஞ்சு, நான் சொன்னேன்னு வேற எழுதினது எத்தனை தரம்?"

அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஒரு கை முடிந்தது. மறு கையும் முடிந்தது. கதேரா தன் விரல்களையும் நீட்டிக் கொடுத்தான்.