சும்மா இருக்கிற நேரத்து வேலை

முதலாளி ராமசுப்பு கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் காசிமேட்டில் கால் வைத்தார். மெஷினை விற்க வந்தபோது இல்லாத கைக்குட்டை. கூட வந்த இன்ஜினியர் மதிக்கு அதைப் பார்த்ததும் குமட்டியது. வியாசர்பாடியில் வளர்ந்தவளை மீன் ஒருநாளும் குமட்டவைத்ததில்லை.

மீன் ஏலத் தளத்தில் அவர்கள் கம்பெனி விற்ற எடைமெஷின் எண் காட்டாமல் முழித்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறியது, ஐஸ் உருகியது.

“இன்னா மிஷினும்மே இது? ஏலம் சூடு புடிக்கிறப்போ தூங்கிடுது. மீனு அயுகிப் போவுது” என்றாள், எடை போடும் கன்னியம்மா.

காரணம் மதிக்குத் தெரியும். எடைகள் பதிவாகும் ஃப்ளாஷ் மெமரியில், பழசை அழிக்காமல் அதன்மேல் புதுசை எழுத முடியாது. அழிப்பது மெதுவான வேலை. ஒரு படகு மீன் போனதும் அடுத்தது வருமுன் தளத்தைக் கழுவிவிடுவார்களே, அப்படி மெஷின் சும்மா இருக்கும்போதே அழித்துவைக்கும்படி மெமரியை இயக்கும் டிரைவர் புரோகிராமை எழுதியிருந்தாள். “சும்மா கிடக்கும்போது எதுக்கு பேட்டரியைத் திங்குது? எடுத்துரு” என்றார் ராமசுப்பு. எடுத்துவிட்டாள். இப்போது இடம் நிறைந்துபோய், ஏலத்தின் நடுவே நின்று அழிக்கிறது.

“மீன் தண்ணி உள்ளே போயிருக்கு” என்றார் ராமசுப்பு, சங்கத் தலைவர் ஹென்றியிடம். “இவங்க கையில எதைக் குடுத்தாலும் நாறடிச்சிருவாங்க. எங்க இன்ஜினியரையே கேளுங்க.”

காரில் வரும்போதே மதியிடம் சொல்லியிருந்தார்: தண்ணி என்று சொன்னால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

“தண்ணி வுட்டது நெஜம்னா, கன்னிம்மா, இனிமே மிஷினாண்ட வராதே” என்றார் ஹென்றி. கன்னியம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

மதி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். ராமசுப்பு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “யோசிச்சுக்கோம்மா” என்றார் தேனொழுக. திட்டியிருந்தாலும் தேவலை. கையை உதறிவிட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே பொட்டு ஈரமில்லை.

“பாருங்கண்ணே, தண்ணியே போகல. அக்கா மேல தப்பு இல்ல. சும்மா இருக்கிறப்போ மிஷின் செய்யவேண்டிய வேலையை நாங்கதான் எடுத்துட்டோம்.”

“நாளைக்கு ஆபீஸ் பக்கம் வந்துராத” என்று சொல்லிவிட்டு ராமசுப்பு காரை நோக்கி நடந்தார். கைக்குட்டை மூக்கிலேயே இருந்தது.

குழாயடியில் மதி கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கன்னியம்மா சோப்பைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“மீன் கவுச்சி அவ்ளோ சீக்கிரம் போவாது கண்ணு.”

“மீனை நான் தொடவே இல்லக்கா” என்றாள் மதி, மணிக்கட்டை மறுபடி தேய்த்தபடி.