சாவியால் வெட்டிய கதவு

கிண்ணம் தன்னிடம் வந்ததும் க்வெண்டா ஒரு வாய் தேன்மது குடித்துவிட்டு, பக்கத்தில் நின்றவளின் கன்னத்தில் ஒப்புக்கு ஒரு முத்தம் வைத்துக் கொடுத்தாள். பழைய தெய்வங்களைக் கும்பிடும் இந்தப் பேகன் கூட்டத்தில் முத்தத்தோடுதான் கிண்ணம் கைமாறும். அவள் கவலையெல்லாம் பூசை வட்டத்தின் அந்தப் பக்கம் நின்ற டாம்சினைப் பற்றித்தான். இன்றுதான் முதன்முதலாக வந்திருக்கிற பிள்ளை. அவளை ஒட்டி இடம் பிடித்து நின்றான் கீத். வாரம் முழுக்கக் காப்பீடு விற்கிறவன், ஆப்பிள் தோப்புக்குள் கால் வைத்ததும் பெரிய பூசாரி ஆகிவிடுவான். புதிதாக எந்தப் பெண் வந்தாலும் அவள் பக்கத்தில் இவனுக்கு மட்டும் எப்படித்தான் இடம் கிடைக்குமோ!

போன மாதம் மதுக்கடையில் க்வெண்டா இதை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உன்மேல ஏதோ கெட்ட சக்தி ஏறியிருக்கு க்வெண்டா" என்று காய்ந்த இலையைக் கொளுத்தி இவளுக்குப் புகை போட்டார்கள். "அந்தக் காலத்துல நம்மள சூனியக்காரின்னு வேட்டையாடுனாங்களே, அதே வேலையத்தான நீயும் பண்ற?" என்று கண்ணைக் கசக்கினாள் கீத்தின் மனைவி ப்ரையனி. வட்டம் போட்டபின் யாராவது வெளியே போவதென்றால், பூசைக்கத்தியால் காற்றில் ஒரு கதவு வெட்டித்தான் அனுப்ப வேண்டும்; ஆள் போனதும் அதை மூடிவிடவும் வேண்டும். வருடக்கணக்காக க்வெண்டா கையில் இருந்த அந்தக் கத்தி அன்றோடு ப்ரையனியின் இடுப்புக்குப் போயிற்று. ஆனாலும் இவள் வந்துகொண்டுதான் இருந்தாள். கணவன் போனபின் அவளுக்கென்று இருந்த மனிதர்கள் இவர்கள்தான்.

கிண்ணம் கீத்திடம் வந்தது. டாம்சின் கன்னத்தைக் காட்டினாள். அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பி வாயில் முத்தமிட்டான், விடவில்லை. தாடியில் ஒழுகிய மது அந்தப் பிள்ளையின் கழுத்தில் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் ரொம்பப் பக்தியாகப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது க்வெண்டாவுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"நான் வெளிய போகணும்" என்றாள் டாம்சின், வாயைத் துடைத்தபடி.

"பாதியில போகக் கூடாது கண்ணு. தெய்வங்க இறங்கியிருக்கு." ப்ரையனியின் கை கத்திமேல் இருந்தது. உருவவில்லை.

"முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும்" என்று யாரோ சிரித்தார்கள். மாவால் போட்ட கோட்டருகே ஒரு காலைத் தூக்கிய டாம்சின், பயந்து திரும்ப வைத்துக்கொண்டாள்.

க்வெண்டா வட்டத்தின் குறுக்கே நடந்தாள். அதுவே பெரிய குற்றம். பைக்குள் கைவிட்டபோது கிடைத்தது கார் சாவிதான். அதை நீட்டிப் புல்லிலிருந்து மேலே, குறுக்கே, மறுபடி கீழே என்று ஆள் உயரத்துக்கு இழுத்தாள்.

"சாவியில வெட்டுனா அது கதவா?" என்றான் கீத்.

"உன்னோடது வட்டம்னா இதுவும் கதவுதான்டா. நீ நட கண்ணு."

டாம்சின் கோட்டைத் தாண்டினாள். பின்னாலேயே க்வெண்டாவும்.

"இப்பப் போனா இனி நீ எங்களுக்கு யாரோதான், க்வெண்டா!" என்றாள் ப்ரையனி.

பழக்கத்தில் கை தானாகத் திரும்பிக் கதவை மூடப் போனது. பாதியில் நிறுத்திச் சாவியை இறுக்கிக்கொண்டாள்.

"மூடிட்டுப் போடி!" என்று கீத் கத்தினான்.

கார் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். கதவு வெட்டிய இடத்தில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு வெறும் புல். காற்றடித்து, அந்த இடத்துக் கோட்டு மாவு கலைந்துகொண்டிருந்தது.