ஒரு நிமிட அறை மௌனம்

மனம் திறந்து பேச ஓர் ஆளுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் விழுந்து, நொறுங்கி, எழுந்து, கடைசியில் ஒரு புன்னகையும் செய்துவிட வேண்டும். நாற்பத்தோராவது நிமிடத்தில் அடுத்த ஆள் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிடுவாள்.

தொடரின் பெயர் 'மீண்டவர்கள்'. ஒரு பெயின்ட் கம்பெனி நடத்தும் பெண்கள் கூடைப்பந்து அணி முதல்முறையாக ஃபைனலுக்குப் போயிருந்தது. ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன், வெள்ளிக்கிழமையே, ஆட்டக்காரிகள் வாழ்க்கையில் பட்ட அடிகளை உலகம் தெரிந்துகொண்டாக வேண்டும் என்று கம்பெனியின் விளம்பரப் பிரிவு முடிவு செய்தது. விரிசல் விட்ட சுவரையும் விரிசல் விட்ட மனசையும் சேர்த்து ஒரு வாசகம்கூடத் தயாராக இருந்தது.

இயக்குநர் அதுவரை மெத்தை விளம்பரங்கள் எடுத்தவர். மனித வேதனை அவருக்குப் புதிது. அதனால் ஆர்வம் அதிகம். கையில் ஒரு குறிப்பேடு, அதில் மூன்று கேள்விகள். எப்போ விழுந்தீங்க? எப்படி எழுந்தீங்க? நடுவுல மனசுல என்ன ஓடிச்சு? மூன்றாவது கேள்வியை மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

ஒலிப்பதிவு செய்தவள் இருபத்தைந்து வயதுப் பெண், இயற்பியல் பட்டதாரி. படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் இதற்கு வந்துவிட்டாள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில், வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலைகள் என்னென்ன என்று அவள் யோசித்துப் பார்த்தபோது இதுதான் முதலில் வந்தது. ஆட்டக்காரிகள் முதல் நாளே அவளுக்கு 'மைக்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்த வாரம் மைக்குக்குச் சளி வேறு.

ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். கேமராவை அணைத்துவிட்டு மற்றவர்கள் டீ குடிக்கப் போன பிறகு, அதே டிரெஸ்ஸிங் ரூமின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். வெறும் மௌனம் என்று ஒன்று கிடையாது. அந்த அறையின் மௌனத்தில் ஒரு மின்விசிறி, ஒழுகும் குழாய், எங்கோ ஒரு ட்யூப்லைட்டின் ரீங்காரம் எல்லாம் உண்டு. பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அதை அடியில் ஓடவிட்டால்தான் ஒட்டுப் போட்டது தெரியாது. பேசிய ஆளும் நாற்காலியைவிட்டு எழக் கூடாது. உடம்பும் ஒலியை உறிஞ்சும். ஆள் இருக்கும் அறையும் ஆள் எழுந்துபோன அறையும் காதுக்கு ஒன்றல்ல.

சிக்கல் என்னவென்றால், நாற்பது நிமிடம் சளைக்காமல் புளுகிய ஒருத்தியாலும் அந்த ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஏணி. ஆறடி மூன்றங்குலம். கூடைப்பந்து என் மூச்சு என்று கேமராவிடம் சொல்லி முடித்திருந்தாள். எல்லாரும் வெளியே போனதும் மைக்கு, "ஒரு நிமிஷம் பேசாம இருங்கக்கா, போதும்" என்றாள். ஏணி இருபது நொடி தாங்கினாள்.

"எனக்கு இந்த விளையாட்டே பிடிக்காது, தெரியுமா?"

மைக்கு சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

"எட்டாங் கிளாஸ்ல திடீர்னு வளந்துட்டேன். கோச் வந்து கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டார். எனக்குப் பாட்டனிதான் பிடிக்கும். யாரும் கேக்கல. உயரமா இருக்கற பொண்ண யாரும் ரெண்டாவது கேள்வி கேக்கறதில்ல."

"அக்கா, பதிவு ஓடுது..."

"ஓடட்டும், கேமராதான் இல்லியே. மூச்சுன்னு சொன்னேனே, நல்லா இருந்துச்சா? ஒரு ஷாம்பு விளம்பரத்துல கேட்டது."

ஆறடி மூன்றங்குலத்தை வாயை மூடு என்று சொல்லும் தைரியம் மைக்குக்கு இல்லை. பேசி முடிக்கும்வரை காத்திருந்து, இன்னொரு நிமிடம் புதிதாகப் பதிவு செய்தாள். முதல் பதிவை அழிக்கவில்லை. எதையும் அழித்துப் பழக்கமில்லை.

அடுத்து ரப்பர். அணியிலேயே குள்ளம், தரையில் விழுந்த வேகத்தில் எழுந்துவிடுவதால் அந்தப் பேர். அப்பா இல்லாமல் வளர்ந்த கதையை அவள் சொன்னபோது இயக்குநர் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மௌனத்தின் பத்தாவது நொடியில் ரப்பர் நாற்காலியில் நெளிந்தாள்.

"எங்கப்பா வீட்லதான் இருக்கார். டிவி பாத்துட்டு."

மைக்கு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படிப் பாக்காத. நான் என்ன பண்ணட்டும்? இழப்பு ஏதாவது உண்டா, இழப்பு ஏதாவது உண்டான்னு மூணு தடவ கேட்டாரு. சைக்கிள் தொலஞ்சதச் சொன்னேன். பத்தாதுங்கற மாதிரி மூஞ்ச வச்சுக்கிட்டாரு. யாராவது போய்ச் சேந்தாத்தான் விடுவார் போல இருந்துச்சு. அம்மாவச் சொல்ல மனசு வரல."

அதற்கும் ஓர் இரண்டாம் பதிவு எடுத்தாள்.

கடைசியாகக் கேப்டன் அக்கா. முப்பத்தொரு வயது. இரண்டு வருடம் முன்பு வலது முட்டியில் தசைநார் கிழிந்து, அறுவை செய்து, ஒன்பது மாதத்தில் திரும்பி வந்தவள். டாக்டர் முடியாது என்றார், நான் முடியும் என்றேன் என்று அவள் அந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருந்ததால் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே எச்சில் விழுங்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. இயக்குநர் திருப்தியாக டீக்குப் போனார்.

கேப்டன் நாற்பது நொடி அசையாமல் இருந்தாள். அப்பாடா, ஒருத்தியாவது, என்று மைக்கு நினைத்தாள்.

"என்னால இடது பக்கம் போக முடியாது மைக்கு."

குழாய் சொட்டியது.

"வலது கால ஊனித் தள்ளினாத்தான் உடம்பு இடது பக்கம் போகும். நீ சயின்ஸ் படிச்சவ, உனக்குத் தெரியும். அந்த முட்டி தள்ள மாட்டேங்குது. ரெண்டு சீசனா வலது பக்கம் மட்டுந்தான் போயிட்டிருக்கேன். கண்ணு இடது பக்கம் பாக்கும், தோள் இடது பக்கம் சாயும், பந்தும் நானும் வலது பக்கம் போயிடுவோம். கமெண்டரில என்ன ஒரு ஏமாத்துன்னு புகழ்றாங்க. ஏமாத்தும் இல்ல மண்ணும் இல்ல. வேற வழி இல்ல."

"கோச் சாருக்கு?"

"தெரிஞ்சா பெஞ்ச்ல உக்கார வச்சிடுவார். ஃபைனல்ல எதிர் டீம்ல மதில்னு ஒருத்தி இருக்கா பாரு, அவதான் என்னைத் தடுக்கப்போறா. அவளுக்குத் தெரிஞ்சா வலது பக்கமா வந்து நின்னுக்குவா. கத முடிஞ்சுது. பதினாலு வருஷத்துல இதான் எனக்கு மொத ஃபைனல். இதோட விட்டுடப்போறேன். ஞாயித்துக்கெழம முடியற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"சொல்ல மாட்டேன்க்கா."

"நீயா? நீ தும்மறதுக்கே பர்மிஷன் கேக்கறவ."

இரண்டாம் பதிவுக்கு மைக்கு விரலைத் தூக்கியபோது வெளியே கோச் விசில் ஊதினார். கேப்டன் ஓடிவிட்டாள். வலது காலைச் சற்றே விந்தி. விஷயம் தெரிந்த பிறகுதான் அந்த விந்தல் கண்ணில் பட்டது.

புதன்கிழமை எடிட்டிங் அறையில் ஏணியின் பேட்டியை வெட்டிக்கொண்டிருந்த இயக்குநர், ஒரு நொடி மௌனம் வேண்டி முதல் கோப்பைத் திறந்தார். எனக்கு இந்த விளையாட்டே பிடிக்காது, தெரியுமா, என்றது ஸ்பீக்கர்.

முழுவதையும் கேட்டார். முதலில் அவர் முகத்தில் வருத்தம்தான் தெரிந்தது.

"நாற்பது நிமிஷம் உயிரக் குடுத்துக் கேட்டேன். பாட்டனின்னு ஒரு வார்த்த வந்துச்சா? உன்கிட்ட மட்டும் எப்படிம்மா சொன்னா? நீ என்ன கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல சார். பேசாம இருக்கச் சொன்னேன்."

அந்த உத்தியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு வருத்தம் போய்க் கண் பளபளத்தது. "மத்த ரெண்டு பேரோட மௌனமும் இப்படித்தானா?"

மைக்குக்குப் பொய் சொல்லத் தெரியும். ஆனால் தயாராவதற்கு அரை நாள் பிடிக்கும். தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"அந்த மெமரி கார்டு எங்க?"

"வீட்ல சார். இன்னும் காப்பி பண்ணல."

"காலைல பத்து மணிக்கு இங்க இருக்கணும்."

"சார், அது கேமரா அணைச்சப்புறம் பேசினது..."

"அதாம்மா வேணும்! கேமரா இருந்தா யார் உண்மை பேசுவா?"

நான்கு நாளில் அவர் சொன்னதில் மறுக்க முடியாதது இது ஒன்றுதான்.

வெளியே வந்து ஏணிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். "போடட்டுமே" என்றாள் ஏணி. "சும்மாவா சொன்னேன்? இனிமே நாலு பேர் ரெண்டாவது கேள்வி கேப்பாங்கல்ல." ஆக, ஏணியைப் பற்றிய கவலை தீர்ந்தது. கேப்டனுக்குப் போன் போடவில்லை. ஃபைனலுக்கு நான்கு நாள் இருக்கும்போது இதைச் சொல்வதைவிட முட்டியில் இன்னொரு அடி கொடுத்துவிடலாம்.

மாலை ஐந்து மணிக்கு அரங்கத்தின் பின்வாசலில் நின்றாள். காவலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னம்மா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?"

"ஒரு நிமிஷ மௌனம் விட்டுப்போச்சுண்ணே."

"உள்ளதான் கெடக்கும், தேடிப் பாரு" என்றார் அவர்.

டிரெஸ்ஸிங் ரூமுக்கு மேலேதான் கோர்ட்; ஐந்தரைக்கு அங்கே பயிற்சி தொடங்கிவிடும். அப்புறம் கூரை முழுக்க பந்து அதிரும். மைக்கைப் பொருத்தினாள். நாற்காலியில் ஆள் வேண்டுமே. தானே உட்கார்ந்தாள். கேப்டன் தன்னைவிட ஒன்றரை மடங்கு உடம்பு என்பது நினைவு வந்து, பையை மடியில் வைத்து, அதன் மேல் அங்கே கிடந்த இரண்டு துண்டுகளையும் போர்த்திக்கொண்டாள். அறிவியல் படித்ததற்கு இந்த அளவாவது பயன் இருக்க வேண்டாமா?

சிவப்பு விளக்கு எரிந்தது. மின்விசிறி, குழாய், ட்யூப்லைட். முப்பதாவது நொடியில் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. அவள் நொடிகளை எண்ணினாள். முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்றில், எவ்வளவோ அடக்கியும், ஒருமுறை உறிஞ்சிவிட்டாள். இன்னொரு முறை எடுக்கலாம் என்று எழுவதற்குள் மேலே முதல் பந்து விழுந்தது.

எடுத்தவரை இருக்கட்டும் என்று கேப்டனின் பழைய பதிவையும் ரப்பரின் முதல் பதிவையும் அழித்தாள். மூன்று வருட வேலையில் அவள் அழித்த முதல் ஒலிகள்.

வியாழன் காலை பத்து மணி. ரப்பரின் மௌனம் வெறும் மௌனமாகவே இருந்ததில் இயக்குநர் சோர்ந்துபோனார். கேப்டனுடையதைத் திறந்தார். பத்து நொடி. இருபது. அணைக்கக் கையை நீட்டினார். மைக்கு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தோராவது நொடி.

இயக்குநரின் கை அந்தரத்தில் நின்றது.

"அழறாங்க" என்றார்.

"சார், அது..."

"ஷ்ஷ்! நாற்பது நொடி அடக்கி அடக்கி, முடியாம..." அவர் ஒலியை இன்னும் கூட்டினார். "நீ பக்கத்துலதானே இருந்த? பாத்தியா?"

"ஆமா சார். பக்கத்துலதான் இருந்தேன்."

"இத வெட்டப்போறதில்ல. முழு நிமிஷமும் அப்படியே வருது."

மூன்று வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்த பயிற்சி மைக்குக்கு அன்று நன்றாகக் கைகொடுத்தது.

வெள்ளிக்கிழமை தொடர் வெளியானது. கேப்டன் தோளில் துண்டோடு குனிந்து நிற்கும் படம், அதன் மேல் ஒரு நிமிட மௌனம், ஓர் உறிஞ்சல், கடைசியில் பெயின்ட் டப்பா. பார்த்தவர்கள் கலங்கிப்போனார்கள். சொற்கள் தோற்கும் இடத்தில் ஒரு மூச்சு ஜெயிக்கிறது என்று ஒருவர் எழுதினார். ஒரு மனநல நிபுணர் அந்த உறிஞ்சலை மட்டும் வைத்து இரண்டு பக்கம் எழுதினார். ஏணிக்கு நாலைந்து பேர் தொட்டிச் செடி அனுப்பினார்கள். ரப்பரின் அப்பாவுக்குச் சாயந்திரம்வரை துக்கம் விசாரித்துப் போன் வந்தது. ஒவ்வொருவரிடமும், "நான்தான் பேசறேன், சொல்லுங்க" என்று அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

கேப்டனும் போன் செய்தாள். "எங்கம்மா அழுது தீத்துட்டாங்க. நான் எப்படி மைக்கு அழுதேன்? எனக்கு ஞாபகமே இல்லியே. நான் உன்கிட்ட வேற என்னவோதானே சொன்னேன்?"

"அது இப்ப இல்லக்கா. அழிச்சுட்டேன். அங்க கேக்கறது நான். சளி."

அந்தப் பக்கம் அடக்க முடியாத ஒரு சிரிப்பு, இருமல்வரை போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். கோர்ட் ஓரத்தில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த மைக்கு எண்ணிக்கொண்டே இருந்தாள். கேப்டன் இடது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் சாய்ந்தாள், மதில் இடது பக்கம் பாய்ந்தாள், கேப்டன் வலது பக்கம் போனாள். பதினேழு முறை. ஒருமுறைகூட மதிலுக்குச் சந்தேகம் வரவில்லை. நாற்பது நிமிடமும் கேப்டன் கோர்ட்டைவிட்டு இறங்கவில்லை. இருபத்தாறு புள்ளி.

அணி ஐந்து புள்ளியில் தோற்றது. ரப்பர் நான்கு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டாள். ஏணி ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேற்றப்பட்டு கடைசிக் கால்பாகம் முழுக்க பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் மதில் ஓடிவந்து கேப்டனைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, அந்த ஒரு நிமிஷம்... எங்க கோச் நாலு தடவ போட்டுக் காட்டினார். உங்க வீக்னஸ் எதாவது இருக்கான்னு பாருங்கடின்னு. எங்களுக்கு அழுகைதான் வந்துச்சு."

"பரவால்ல விடு" என்று கேப்டன் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

டிரெஸ்ஸிங் ரூமில் அவள் வலது முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இயக்குநர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"தோல்வி! நானே கேட்டிருந்தாலும் இப்படிக் கிடைச்சிருக்காது. ரெண்டாம் பாகம் எடுத்துடலாம்னு கம்பெனில சொல்லிட்டாங்க. நீங்க பேசவே வேணாம். அன்னிக்கு மாதிரி ஒரு நிமிஷம் சும்மா உக்காருங்க, அது போதும்."

கேப்டன் மைக்குவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சளி எப்படி இருக்கு?"

"போயிடுச்சுக்கா."

கேப்டன் ஐஸ் பையைச் சரிசெய்துகொண்டு இயக்குநரிடம் சொன்னாள்: "இன்னிக்கு வராது சார். அந்த மாதிரி அழறதுக்கு உடம்பு சரியில்லாம இருக்கணும்."

இயக்குநர் குறிப்பேட்டைத் திறந்து, தலையைச் சாய்த்து, அதை எழுதிக்கொண்டார்.