கடல்மேலே ஒரு பெரட்டு

என் முட்டைக்கோவா மூட்டையை நான் யாரையும் நம்பி அனுப்பினதில்லை. அதனால்தான் எழுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாசம், கடலையே பார்க்காத நான் ஆறு நாள் கடல்மேலே கிடக்க வேண்டியதாப் போச்சு.

பண்டாரவளையில் கடை வைத்திருந்த ஹாஷிம் முதலாளி, பொத்துவில் பக்கம் நிற்கிற ஒரு படகுக்குச் சாமான் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். அதில் வெள்ளைக்காரர்கள் ஒன்பது பேர். சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகிலேயே. பகலில் காற்று அடைத்த குப்பியை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய் மீன் பார்ப்பார்களாம். பிடிக்கிறதில்லையாம், சும்மா பார்க்கிறதாம். நான் அதை அப்பவே நம்பவில்லை. பண்டாரவளைச் சந்தையில் கிடக்குதே மீன், கண்ணைத் திறந்துகொண்டு. அதைப் பார்த்தால் ஆகாதா?

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் நான் பாத்தி போட்ட கோவாவும் லீக்ஸும் முதலாளியின் லொறியில் ஏறின. கூடவே நானும் ஏறினேன். படகுக்குச் சமைக்கப் போன ஸலீம் எனக்குப் பக்கத்தில் இருந்தான். பசறை தாண்டினதும் அந்த வளைவுகளில் அவன் குடலே வெளியே வந்துவிட்டது. மொனராகலையில் இறங்கினவன், "கடல் இதைவிட ஆடுமாமே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டான். அந்த பஸ்ஸும் அதே வளைவில்தான் போகும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

முன் சீட்டில் இருந்த முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கங்காணி, தேத்தண்ணி ஊத்தத் தெரியுந்தானே?"

"தெரியும்."

"சோறு?"

"அதுவும் தெரியும். ஏன் கேக்குறீங்க?"

"அப்ப நீங்கதான் கோக்கி. ஆறு நாள்தானே, வாங்களே."

கோவாவும் அந்தப் படகில்தானே போகுது என்று நானும் ஏறிவிட்டேன்.

படகை நடத்தினவன் மர்ஸூக், பொத்துவில் ஆள். நல்ல பையன்தான், ஆனால் எதுக்கெடுத்தாலும் சிரிப்பான். நான் அந்தக் குப்பியைத் தட்டிப் பார்த்து, "இதுக்குள்ள காத்து இருக்குதுன்னு எப்படித் தம்பி தெரியும்?" என்றேன். அவன் என் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்துவிட்டான். உஸ்ஸென்று அடித்தது.

"இப்ப நம்புறீங்களா கங்காணியார்?"

"காத்துதான். எந்த ஊர்க் காத்துன்னு தெரியலையே."

அவன் அதை இங்கிலீஷில் சொல்ல, ஒன்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். உள்ளே போகிறது அவர்கள், நான் இல்லை.

முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் படுத்திருந்தபோது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு மூழ்குகிற மாதிரி இருந்தது. அகப்பையால் ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லாரையும் எழுப்பிவிட்டேன். அலை மாறினதுக்குப் படகு ஆடினதாம், அவ்வளவுதானாம். மர்ஸூக் அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

"இனி ஆக்கள்ற கதவுல கை வெச்சீங்க எண்டா கரையில எறக்கி உட்டுருவன். பொத்துவில் கரை எண்டு நெனைக்காதீங்க. எந்தக் கரை முன்னுக்கு வருதோ அது."

அவர்களில் ஹெல்கா என்று ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும், ஜெர்மனியில் வாத்தியாராம். ரப்பர் உடுப்பும் தாரா வாத்துக் கால் மாதிரி செருப்பும் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் குதிக்கும். மேலே வந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இஞ்சி, இஞ்சி" என்று கேட்கும். அந்த ஒரு தமிழ்தான் தெரியும். இஞ்சித் தேத்தண்ணியை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்துக் காட்டும். அந்த அம்மாவைத் தவிர அந்தப் படகில் எனக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை. ஒருத்தன், தாடிக்காரன், ரெண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு முதல் தரம் மாதிரி வந்து நிற்பான். அதனால் ஒவ்வொரு குவளைக்கும் ஒவ்வொரு கலரில் நூல் கட்டிவிட்டேன். ஹெல்கா அம்மாவுக்குச் சிவப்பு.

மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாரும் முங்கி எழுந்து வந்தார்கள். மர்ஸூக் பட்டியலை எடுத்துப் பேர் கூப்பிட்டான்.

எனக்குப் பெரட்டு புதுசா? காலையில் ஆறு மணிக்குக் கொழுந்தெடுக்கிற ஆளுகளை நிறுத்தி, பேர் கூப்பிட்டு, மலைக்கு அனுப்புகிறதுதான் இருபத்தாறு வருஷம் என் வேலை. "ரெங்கம்மா" என்று கூப்பிட்டால் லெட்சுமி குரலை மாற்றி "இருக்கேங்க" என்பாள். ரெங்கம்மா லயத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பாள். குரலுக்குக் கோடு போட்ட கங்காணி மலையில் போய் ஆளைத் தேடுவான். அதனால் ஆள் முன்னால் வந்து நின்றால்தான் நான் கோடு போடுவேன்.

மர்ஸூக் தலையைத் தூக்காமலே, "ஹெல்கா" என்றான். தாடிக்காரன் கையைத் தூக்கி என்னவோ சொன்னான். கோடு விழுந்தது.

பெரட்டில் பொம்பளைக்குப் பொம்பளையாவது பதில் சொல்லுவாள். இங்கே ஹெல்காவுக்குத் தாடி பதில் சொல்லுது, அதுக்கும் கோடு!

நான் குவளைகளைப் பார்த்தேன். எட்டு காலி. சிவப்பு நூல் கட்டினது நான் ஊற்றி வைத்த மாதிரியே, ஆடை கட்டி ஆறிப் போய் நிற்குது. அந்தப் பக்கம் நங்கூரச் சங்கிலி கடகடவென்று மேலே வர ஆரம்பித்துவிட்டது.

"தம்பி, ஆள் ஒண்ணு குறையுது."

"ஒம்பது பேரும் இரிக்காங்க கங்காணியார்."

"ஹெல்கா அம்மா எங்க?"

"தலையிடியாம், அறையில படுத்திரிக்காம். நேத்தும் அப்பிடித்தானே."

"யாரு பார்த்தா?"

அவன் தாடிக்காரனைக் கேட்டான். தாடிக்காரன் தோளைக் குலுக்கினான்.

"அந்தாள் நெனைச்சாராம்" என்றான் மர்ஸூக். "கங்காணியார், நீங்க காத்தையும் நம்பல்ல, திசைகாட்டியையும் நம்பல்ல. நேத்து கறி மீனைக் கையில புடிச்சு இது செத்த மீனா எண்டு கேட்டீங்க. இதையும் அந்தக் கணக்குல போட்டுட்டுப் போய்ச் சோத்தைப் பாருங்க."

கேட்டது உண்மைதான். மீன் அசையாமல் இருந்தது.

நான் அகப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"கதவைத் தொட்டா எறக்கி உட்டுருவன்!"

"எறக்கு. இந்த லோகத்துல எந்தக் கரையிலேருந்தும் நடந்து ஊருக்குப் போயிருவேன். அந்த அம்மா நடக்க முடியுமா?"

ஓங்கித் தட்டினேன். சத்தமில்லை. தள்ளினேன். கட்டில் விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மடித்த மாதிரியே கிடந்தது.

வாழ்நாள் பூராவும் நான் சந்தேகப்பட்டிருக்கேன். அது பொய்யாப் போகணும்னு வேண்டிக்கிட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

எனக்குப் பின்னால் வந்த மர்ஸூக் வெற்றுக் கட்டிலைப் பார்த்தான். அப்புறம் அவன் ஓடின ஓட்டம்! நங்கூரத்தை நிறுத்தச் சொல்லி, கூரைமேல் ஏறி, நீரோட்டம் தெற்கே இழுக்குது என்று கத்தி, சின்னப் படகை இறக்கிக்கொண்டு போனான். தாடிக்காரன் முகம் வெளிறி என் பக்கத்தில் வந்து நின்றான். அடுப்பைப் பற்ற வைத்து இஞ்சியைத் தட்டினேன். கை சும்மா இருந்தால் மனசு தப்புத் தப்பாக எண்ணுது. தண்ணீர் ரெண்டு தரம் கொதித்து வற்றி, மூன்றாம் தரம் ஊற்றினபோதுதான் மோட்டார் சத்தம் கேட்டது.

ஹெல்கா அம்மா ஆமை ஒன்றைப் பின்தொடர்ந்து போய், மேலே வந்தபோது படகு எங்கேயோ இருந்ததாம். நீந்தினால் நீரோட்டம் விடவில்லையாம். கையை ஆட்டிக்கொண்டே மிதந்ததாம். உதடு நீலமாய், பல் கிடுகிடுவென்று, ஏணியைப் பிடித்து ஏறினது. என்னைப் பார்த்து ஒரே சொல் சொன்னது.

"இஞ்சி."

குவளையை நீட்டினேன். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டினது.

மறுநாள் விடிஞ்சதும் மர்ஸூக் அந்தப் பட்டியலையும் பென்சிலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"இனி பெரட்டு உங்கட வேலை கங்காணியார். எனக்கு ஏலாது."

"பென்சிலை வச்சுக்க தம்பி. எனக்குக் குவளை போதும்."

முங்கிவிட்டு வந்தவர்களை வரிசையில் நிறுத்தினேன். பேரைக் கூப்பிட்டால் சொந்த வாயால் "இருக்கேங்க" என்று சொல்லி, முன்னால் வந்து, குவளையை வாங்க வேண்டும். ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். "ஹெல்கா" என்று கூப்பிட்டதும் எட்டுப் பேர், தாடிக்காரன்தான் எல்லாரையும்விடச் சத்தமாக, "இருக்கேங்க!" என்று கத்திச் சிரித்தார்கள்.

நான் அசையவில்லை. சிவப்பு நூல் கட்டின குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஹெல்கா அம்மா வரிசையை விட்டு வந்து, தாராக் கால் செருப்போடு என் முன்னால் விறைப்பாக நின்று, "இருக்கேங்க" என்றது.

குவளையைக் கொடுத்தேன். கொடுத்த பிறகும் ஒரு தரம் தலைகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.